மறுமுனையில் யார்?

மலாவியின் தலைநகரான லிலோங்வேயிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி நமித்தேத்தே என்ற சிற்றூரில் செயின்ட் கேப்ரியல் மருத்துவமனை இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 2,50,000 பேருக்கு அதுதான் ஆஸ்பத்திரி. எச்ஐவியும் காசநோயும் கைகோத்துக்கொண்டு உயிர்களைப் பறித்த பகுதி அது. டாக்டர்கள் ஒருசிலர்தான். எனவே ஊர் ஊராகத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். யார் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், யார் நிறுத்திவிட்டார், யாருக்கு இருமல் நிற்கவே இல்லை என்று பார்ப்பது அவர்களின் வேலை. பார்த்ததைத் தாளில் எழுதி, ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்து கொடுக்க வேண்டும். சிலருக்கு அது முழுநாள் நடை. தாள் வந்து சேரும்போது செய்தி பழசாகியிருக்கும்.

ஆஸ்பத்திரிப் பக்கத்திலும் இதே குருட்டாட்டம்தான். காசநோய்ப் பிரிவின் ஊழியர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமங்களைச் சுற்றுவார். எந்த வீட்டில் பிரச்சினை என்று தெரியாததால் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். நன்றாக இருக்கிற பத்து பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாளில், மருந்தை நிறுத்திய ஒருவர் வேறு திசையில் இருப்பார்.

2008 கோடையில் ஜோஷ் நெஸ்பிட் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் 100 பழைய செல்போன்களும் ஒரு மடிக்கணினியும் எடுத்துக்கொண்டு அங்கே போனார். கணினியில் கென் பேங்க்ஸ் என்பவர் உருவாக்கிய ஃப்ரண்ட்லைன்எஸ்எம்எஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தது. அதற்கு இணையம் தேவையில்லை. ஒரு செல்போனைக் கேபிளில் கணினியோடு இணைத்துவிட்டால் போதும், அந்த எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் திரையில் வரிசையாக விழும். ஒரே சொடுக்கில் எல்லோருக்கும் பதில் அனுப்பலாம். 75 தன்னார்வலர்களுக்கு போன் கொடுத்தார்கள். கரண்ட் இல்லாத ஊர்களுக்குச் சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றும் சிறு தகடுகளும் போயின.

அதன் பிறகு மோட்டார் சைக்கிள் கிளம்பும்போது எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பது தெரிந்திருந்தது. ஆறு மாதத்தில் ஊழியர்களின் அலைச்சலில் 1,200 மணி நேரமும், பெட்ரோலில் 3,000 டாலருக்கு மேலும் மிச்சமானதாகத் திட்டத்தை நடத்தியவர்கள் கணக்குச் சொன்னார்கள். தன்னார்வலர் அறிகுறியைக் கவனித்து எஸ்எம்எஸ் அனுப்பியதால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காசநோய்ச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். இது நடத்தியவர்களே எடுத்த கணக்கு, ஒப்பிட்டுப் பார்க்க போன் கொடுக்காத இன்னொரு குழு இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆனால் நடந்தது என்ன என்பதில் மர்மம் ஏதும் இல்லை. நடை குறைந்தது, செய்தி முந்தியது, வண்டி சரியான வீட்டுக்குப் போனது.

ஏழை மக்களின் உடல்நலத்துக்குச் செல்போன் என்றதும் இன்று பலருக்கும் ஆப், வீடியோவில் டாக்டர், செயற்கை நுண்ணறிவு என்றுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் பலன் தந்ததாக நல்ல ஆதாரத்தோடு காட்டப்பட்ட பல முயற்சிகள் பட்டன் போனில் நடந்தவை. எஸ்எம்எஸ், மிஸ்டு கால், பேலன்ஸ் பார்க்க நாம் நட்சத்திரமும் ஹாஷும் போட்டு அழுத்துவோமே அந்த முறை, இவ்வளவுதான் கருவி. எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: செய்தி போய்ச் சேரும் இடத்தில் யார் இருக்கிறார், அவரால் என்ன செய்ய முடியும்?

இதைத் தெளிவாகக் காட்டியது கென்யாவில் நடந்த வெல்டெல் ஆய்வு. எச்ஐவிக்கான கூட்டு மருந்தை வாழ்நாள் முழுக்க, ஒருநாளும் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. புதிதாக மருந்து தொடங்கிய 538 பேரை 2007 முதல் ஆய்வில் சேர்த்தார்கள். நைரோபியின் ஏழைகள் வாழும் பும்வானி, நகரின் இன்னொரு மருத்துவமனை, மசாய் மக்கள் வாழும் கஜியாடோ என்று மூன்று இடங்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மீதிப் பேருக்கு அதோடு வாரம் ஒரு எஸ்எம்எஸ்.

திங்கட்கிழமை காலையில் அது வரும். சுவாஹிலியில் ஒரே சொல்: ‘மாம்போ?’ நண்பர்கள் சந்தித்தால் ‘என்ன, எப்படி இருக்கே?’ என்று கேட்கிற மாதிரி. நலமென்றால் ‘சாவா’ என்றும், ஏதாவது சிக்கல் என்றால் ‘ஷிடா’ என்றும் 48 மணி நேரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஷிடா என்று எழுதியவருக்கும், பதிலே போடாதவருக்கும் மருத்துவமனை ஊழியர் போன் செய்து பேசுவார்.

இந்தச் செய்தியில் என்னென்ன இல்லை என்று கவனிக்க வேண்டும். மாத்திரை என்ற சொல் இல்லை. எச்ஐவி இல்லை. மருத்துவமனையின் பெயர் இல்லை. ஒரே போனைக் கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும், சில நேரம் பக்கத்து வீட்டாரும் பகிர்ந்துகொள்கிற ஊர்கள் அவை. சொந்த போன் இல்லாமல், கூட இருப்பவரின் போனை வைத்துக்கூட ஆய்வில் சேர முடிந்தது. வேறு யார் கையில் அந்தச் செய்தி விழுந்தாலும் தோழன் ஒருவன் நலம் விசாரிக்கிறான் என்றுதான் தோன்றும். ‘இன்று மருந்து சாப்பிட்டீர்களா?’ என்று அனுப்பியிருந்தால் நோயாளியின் ரகசியம் அன்றே வீதிக்கு வந்திருக்கும். ஒரு பெண் வீட்டைவிட்டே துரத்தப்பட்டிருக்கலாம். அந்த ஒற்றைச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததை மருத்துவத்தின் பகுதியாகவே பார்க்கிறேன்.

ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். பெறாதவர்களில் 50 சதவீதம். வாயால் சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி வரும். ரத்தத்திலும் பார்த்தார்கள். வைரஸ் அடங்கியிருந்தவர்கள் முதல் குழுவில் 57 சதவீதம், இரண்டாவதில் 48. 2010இல் லான்செட் இதழில் இது வெளியானது. பதினோரு பேருக்கு இப்படி எஸ்எம்எஸ் அனுப்பினால் கூடுதலாக ஒருவருக்கு வைரஸ் அடங்கும் என்பது அந்த ஆய்வின் கணக்கு. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு ஏறத்தாழ 5 அமெரிக்க சென்ட் செலவு.

பிறகு கேமரூனின் யாவுண்டேயில் 200 நோயாளிகளோடு இன்னொரு ஆய்வு நடந்தது. அங்கே வாரந்தோறும் பதில் கேட்காத ஊக்கமூட்டும் வாசகம் போனது. ஆறு மாதம் கழித்து இரு குழுக்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்படியானால் பதில் கேட்காத எஸ்எம்எஸ் எல்லாமே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. கென்யாவிலேயே நடந்த வேறோர் ஆய்வில் பதில் கேட்காத வாராந்திர நினைவூட்டல் பலன் தந்தது. தினமும் அனுப்பியது பலன் தரவில்லை. தினமும் வருவது சீக்கிரமே பழகிப்போகிறது, கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை வருவது விசாரிப்பாகத் தோன்றுகிறது. மேற்பார்வையிட ஆள் இருப்பது போலவும், அக்கறைப்பட ஆள் இருப்பது போலவும் நோயாளிகள் உணர்ந்தால் அதன் வேர் இங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

நோயாளிக்கு அனுப்புவது ஒரு வகை. சுகாதார நிலையத்தையும் கிடங்கையும் இணைப்பது இன்னொரு வகை. அதிகம் பேசப்படாத இந்த இரண்டாவது வகையில்தான் பலன் இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

தான்சானியாவில் மலேரியாவுக்கு நல்ல மருந்து இருந்தது, நாட்டின் கிடங்கிலும் இருந்தது. கிராமத்துச் சுகாதார நிலையத்தின் அலமாரியில்தான் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தாய் தூக்கிக்கொண்டு நடந்து வருவாள், ‘மருந்து தீர்ந்துவிட்டது’ என்பார்கள். பக்கத்து நிலையத்தில் அதே மருந்து தேங்கிக் கிடக்கும். யாருக்கும் தெரியாது. 2009 செப்டம்பரில் லிண்டி ஊரகம், உலங்கா, கிகோமா ஊரகம் ஆகிய மூன்று மாவட்டங்களில் ‘எஸ்எம்எஸ் ஃபார் லைஃப்’ என்ற முயற்சி தொடங்கியது. 129 சுகாதார நிலையங்கள் சேர்ந்தன.

வியாழக்கிழமை தோறும் நிலையத்தின் பொறுப்பாளருக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும்: கையிருப்பு எவ்வளவு? அவர் அலமாரியைத் திறந்து, உடல் எடைக்கு ஏற்ப நான்கு அளவுகளில் வரும் மலேரியா மருந்துப் பெட்டிகளையும் குவினைன் ஊசி மருந்தையும் எண்ணிப் பதில் அனுப்புவார். அவரது சொந்த போன்தான், பதில் அனுப்பக் கட்டணம் கிடையாது. வெள்ளி மாலைக்குள் அனுப்பிவிட்டால் அவர் போனில் கொஞ்சம் டாப்-அப் ஏறும். அனுப்பாதவருக்கு நினைவூட்டல் போகும். மாவட்ட அதிகாரிக்குத் திங்கட்கிழமை முழுப் பட்டியலும் கையில் இருக்கும். எங்கே தட்டுப்பாடு, எங்கே மிச்சம் என்று பார்த்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிவிடலாம், கிடங்கிலிருந்து புதிதாக வரவழைக்கலாம்.

முதல் வாரத்தில் 78 சதவீத நிலையங்களில் ஏதாவது ஓர் அளவு மருந்தாவது தீர்ந்துபோயிருந்தது. 21ஆம் வாரத்தில் அது 26 சதவீதமாக இறங்கியது. வாராவாரம் பதில் அனுப்பியவர்கள் சராசரியாக 95 சதவீதம். கேட்டால் பதில் வராது, கிராமத்து ஊழியர்களுக்கு இதெல்லாம் ஏறாது என்று தலைநகரங்களில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும். எழுதி அனுப்பினால் ஏதாவது நடக்கிறது என்று தெரிந்தால் ஊழியர் எழுதி அனுப்புவார். நூறு முறை தாளை நிரப்பி அனுப்பியும் ஒரு பெட்டி மருந்துகூட வராத இடத்தில் எந்த ஆப்பை நிறுவினாலும் அது காலியாகத்தான் கிடக்கும்.

ஜாம்பியாவில் சிக்கல் வேறு. எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து, தாளில் காயவைத்து, தொலைவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு தாளில் திரும்பி வர வாரக்கணக்காகும். சிகிச்சை இல்லாவிட்டால் இப்படிப் பிறந்து தொற்று பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய பாதி இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு வாரமும் அங்கே உயிர்தான். ஆய்வகத்திலிருந்து சுகாதார நிலையத்துக்கு முடிவை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பத் தொடங்கியதும், சராசரியாக 44 நாட்கள் எடுத்தது 27 நாட்களாகக் குறைந்தது. மீதி 27 நாட்களும் ரத்தம் தோய்ந்த தாள் ஆய்வகத்துக்குப் போகும் பயணம், பரிசோதனைக்கான காத்திருப்பு முதலியவை. அவற்றை எஸ்எம்எஸ் தொட முடியாது. வண்டியும், கருவியும், ஆளும் வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். மிஸ்டு கால் கொடுப்பது நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. ‘வந்து சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு’ என்று சொல்லாத அம்மா உண்டா? இதையே காசநோய்ச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியது 99டாட்ஸ். மாத்திரை அட்டையை ஒரு தடித்த காகித உறைக்குள் வைத்து ஒட்டிக் கொடுப்பார்கள். மாத்திரையை அழுத்தி எடுத்தால் காகிதம் கிழிந்து, உள்ளே மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மாத்திரை எடுத்ததாகப் பதிவாகும். எந்த எண் வெளிவரும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியாது என்பதுதான் சூட்சுமம். தினமும் மையத்துக்கு வந்து ஊழியர் கண்ணெதிரே விழுங்க வேண்டிய கட்டாயம், அதனால் போகிற கூலி, இரண்டும் தவிர்ந்தன.

ஆனால் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு கால் செய்ய மறந்தவர்கள் உண்டு, கால் செய்துவிட்டுச் சாப்பிடாமல் விட்டவர்களும் உண்டு. ஊழியரின் கணினித் திரையில் பச்சை நிறம் இருப்பதால் நோயாளி நலம் என்று நம்பிவிட்டால் ஆபத்து. சிவப்பு நிறத்தைப் பார்த்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவர் இருந்தால்தான் திரைக்கு அர்த்தம். காசநோய் மாத்திரை வயிற்றைப் புரட்டும், பசியைக் கிளப்பும். வீட்டில் சோறு இல்லாதவர் ஏன் மாத்திரையை நிறுத்தினார் என்று கணினி கேட்காது.

இந்தியாவின் கில்காரி திட்டம் இன்னொரு பாடம். கர்ப்பிணியின் நான்காம் மாதம் முதல் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை வாரம் ஒரு போன் வரும், பதிவுசெய்த குரலில் ‘டாக்டர் அனிதா’ பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாம் என்பது பெரிய வசதி. மத்தியப் பிரதேசத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களோடு நடந்த ஆய்வில், கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவது கொஞ்சம் கூடியது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் மாற்றம் தெரியவில்லை.

ஏன் என்று யோசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது போன் யாருடையது என்பதை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான். மற்ற வீடுகளில் போன் கணவனின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் வயலிலோ கட்டட வேலையிலோ இருக்கும்போது டாக்டர் அனிதா தாய்ப்பாலைப் பற்றிப் பேசுவார். சிம் மாறிப்போயிருக்கும், எண் தப்பாகப் பதிவாகியிருக்கும். கேட்கவே கேட்டாலும், மாமியாரும் அக்கம்பக்கமும் சொல்வதை மீறிச் செய்ய ஒரு குரல் மட்டும் போதாது. சந்தேகம் கேட்கலாம் என்றால் அந்தக் குரல் பதில் சொல்லாது.

தென்னாப்பிரிக்கா 2014 ஆகஸ்டில் மாம்கனெக்ட் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. முதல் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே செவிலியர் உதவியோடு, நட்சத்திரமும் ஹாஷும் கொண்ட ஒரு எண்ணை அழுத்தித் தாயின் போனிலேயே பதிவு செய்கிறார்கள். மாதத்துக்கு ஏற்ற செய்திகள் இலவசமாக வருகின்றன. அத்தோடு நிற்கவில்லை. அவள் கேள்வி கேட்கலாம், குறை சொல்லலாம், பாராட்டவும் செய்யலாம். ‘காலையிலிருந்து வரிசையில் நிற்கிறேன்’, ‘தடுப்பூசி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்’ போன்ற குறைகள் தேசிய சுகாதாரத் துறையின் உதவி மேசைக்கு நேராகப் போகின்றன. நடத்துவது அரசாங்கமே என்பதால் நாட்டின் ஏறக்குறைய எல்லா அரசு மருத்துவ மையங்களிலும் அது பரவியது. ஏழைப் பெண்ணுக்கு அறிவுரை சொல்ல உலகத்தில் ஆள் பஞ்சமே இல்லை. அவள் சொல்வதைக் கேட்க ஆளை உட்காரவைத்த திட்டங்கள் மிகச் சில, அதனால்தான் இதை இவ்வளவு மதிக்கிறேன்.

அரசாங்கம் ஏற்று நடத்தாதபோது என்ன ஆகும் என்பதற்கு உகாண்டா சாட்சி. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டுப் பணத்தில் ஆளாளுக்கு ஒரு செல்போன் சுகாதாரத் திட்டம் தொடங்கினார்கள். ஒன்று மலேரியாவுக்கு, ஒன்று பிரசவத்துக்கு, ஒன்று எச்ஐவிக்கு. ஒன்றின் தகவல் மற்றொன்றுக்குப் போகாது. பாதிக்கும் மேற்பட்டவை சோதனைக் கட்டத்தோடு நின்றன. ஊழியருக்கோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதும் சுமை. கடைசியில் 2012 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது, அரசின் தகவல் அமைப்போடு இணைய ஒப்புக்கொண்டால்தான் அனுமதி என்றது. கடுமையாகத் தெரிந்தாலும் சரியான முடிவு. போனில் ஒருமுறையும் பெரிய நோட்டுப் புத்தகத்தில் ஒருமுறையுமாக ஒரே விவரத்தை இரண்டு தடவை எழுதவைத்தால், அந்த நேரம் நோயாளியிடமிருந்துதான் பிடுங்கப்படுகிறது. நம் கிராமச் சுகாதாரச் செவிலியர்களைக் கேட்டால் இதை விளக்கமாகவே சொல்வார்கள்.

ஒரு திட்டத்தின் செலவுப் பட்டியலைப் பார்த்தாலே அது நிற்குமா விழுமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். மென்பொருளுக்கும் போன் வாங்கவும் தொகை எழுதியிருப்பார்கள். மூன்றாவது வருடம் உடைந்த போனுக்கு மாற்று, மாதாமாத ரீசார்ஜ், சார்ஜ் ஏற்ற வழி, நள்ளிரவில் வரும் செய்திக்குப் பதில் சொல்பவரின் சம்பளம், அவர் சொன்னதும் கிளம்ப ஒரு வண்டி, இவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் விடுபடுவது ஆளுக்கான சம்பளம். நமித்தேத்தேயில் போன் வாங்கிக்கொண்டவர்கள் தன்னார்வலர்கள். ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டிலும் இத்தகைய வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள், ஊக்கத்தொகை என்ற பெயரில் சொற்பம் கிடைக்கும் அல்லது அதுவும் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு அவர்கள் வேலைக்கு ஏற்ற ஊதியம் தர வேண்டும், செய்த வேலையின் எண்ணிக்கையைப் பார்த்துத் தரும் ஊக்கத்தொகையை மட்டுமே ஊதியமாக ஆக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. போன் கொடுக்கும் அரசுகள் இந்த வரியையும் சேர்த்துப் படித்துப் பணம் ஒதுக்க வேண்டும்.